கலயத்தில் கொஞ்சம் கடல்

கோடியக்கரையில் கடல் நாற்றங்கால் போலப் பச்சையாக, அசையாமல் கிடந்தது. தையல்நாயகி அப்பாவின் அஸ்திக் கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடல்காவல் வேலையிலிருந்த ரெஜினா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கரைக்க விடமாட்டேன்க்கா. பூவு, பாலு, சாம்பல், எது விழுந்தாலும் பாசிக்குத்தான் தீனி. கடலுக்கு ஏற்கெனவே மூச்சு முட்டுது."

"எங்க அப்பாவோட சாம்பல். ஒரு பிடிதானே?"

"எல்லாரும் ஒரு பிடிதான் கொண்டு வர்றாங்க."

ரெஜினா கலயத்தை எட்டிப் பார்த்தாள்.

"அப்பா என்ன வேலை பார்த்தாரு?" என்றாள் ரெஜினா.

"விவசாயம். மன்னார்குடிப் பக்கம். மூணு போகமும் நெல்லு."

"யூரியா போட்டிருப்பாரே?"

"அள்ளி அள்ளிப் போடுவாரு. பயிர் கொஞ்சம் வெளுத்தாலும் அவருக்குச் சோறு இறங்காது."

ரெஜினா கடலைக் காட்டினாள். "அப்போ அவரு எப்பவோ இங்க வந்து சேர்ந்துட்டாருக்கா. அந்த உரமெல்லாம் ஆத்தோட வந்து இன்னும் அடிச்சேத்துலதான் கிடக்கு."

தையல்நாயகிக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் நிறைந்தது.

"சாம்பலைக் கடல்ல போடத்தானே கூடாது? கடலைச் சாம்பல்ல ஊத்தலாமா?"

இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. ரெஜினா யோசித்தாள். பிறகு இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளிவந்து கலயத்தில் விட்டாள்.

வீட்டில் அந்தக் கலயத்தைச் சன்னலோரம் வைத்தாள் தையல்நாயகி. சில நாட்களில் உள்ளே பச்சை படர்ந்து விளிம்புவரை ஏறியது. அவள் அதைக் கொட்டவில்லை. வெயில் விழும் பக்கமாக நகர்த்தி வைத்தாள். கொஞ்சம் வெளுத்தாலும் அப்பாவுக்குச் சோறு இறங்காது.