ஒரு வாஷர் குறைகிறது

"எண்ணிப் பார்த்துட்டேன். ஒண்ணுதான் இருக்கு. ரெண்டு இருக்கணும்" என்றார் மாப்பிள்ளை, கட்டிலுக்கு அடியிலிருந்து.

மனைவிக்கு அவருடைய பாதங்கள் மட்டும்தான் தெரிந்தன. பிரிப்பதற்கு முன்னால் எண்ணினீர்களா என்று அந்தப் பாதங்களிடம் கேட்டாள். பாதங்கள் இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்தன.

காணாமல் போனது சட்டைப் பட்டன் அளவுகூட இல்லாத ஒரு பித்தளை வாஷர். மடக்குக் கத்தி என்றால் அலகுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று இருக்க வேண்டும், அப்போதுதான் வழுக்கிக்கொண்டு திறக்கும் என்று, கத்தி பிரிக்கக் கற்றுத்தரும் வீடியோவில் அடித்துச் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளை வீடியோவின் அந்த இடத்துக்கு வந்தது, கத்தியைப் பிரித்து, துடைத்து, பூட்டி முடித்த பிறகு. பூட்டிய கத்தி அசைய மாட்டேன் என்றது.

அது மாமனாரின் கத்தி. ஒரு விரல் பட்டால் திறக்கும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வார். போன மாதம், பார்சல் பிரிக்க உதவும் என்று கேட்காமலே எடுத்துக் கொடுத்தார்.

"எதை வேணும்னாலும் வெட்டுங்க மாப்பிள்ளை. கத்தியை மட்டும் பிரிச்சுடாதீங்க. இருபது வருஷமா நானே ஒரு ஸ்க்ரூவைத் தொட்டதில்லை."

வாங்கிய அன்றே அலகு முரண்டு பிடித்தது. மாமனார் விரலுக்கு மசிகிற கத்தி தனக்கு மசியவில்லை என்றால் கோளாறு தன் விரலில்தான் என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டார். மாமனார் வீட்டில் அவருக்கு இருந்த பெயர் அப்படி. அவர் தொட்டு நின்றுபோன கடிகாரம், அவர் திருகி வெள்ளக்காடாக்கிய குழாய் எல்லாம் அங்கே வருகிற விருந்தாளிகளுக்குச் சொல்லப்படும் கதைகள். இன்று நாலு மணிக்கு மாமனார் கத்தியை வாங்கிப் போக வருகிறார். நன்றாகத் துடைத்துக் கொடுத்தாலாவது நல்ல பெயர் கிடைக்கும் என்றுதான் காலையில் அதைப் பிரித்தார். இதுவும் அந்தக் கதைகளோடு சேர்ந்துவிட்டால் ஆயுசுக்கும் அந்த வீட்டில் தலை நிமிர முடியாது.

அப்போதுதான் காலையில் அறையைப் பெருக்க வந்த அக்கா ஞாபகத்துக்கு வந்தார். ஆறு வருடமாக வீட்டு வேலைக்கு வருகிறவர். இன்னும் சமையலறையில்தான் இருந்தார்.

மாப்பிள்ளை குப்பைக்கூடையைச் செய்தித்தாளில் கவிழ்த்து, டார்ச் அடித்துக் கிளறினார். வாஷர் இல்லை. இல்லாததே அவருக்கு ஆதாரமாகப் போயிற்று. கண்ணை எங்கே வைத்துக்கொண்டு பெருக்குகிறீர்கள் என்று ஆரம்பித்தவர், நாளையிலிருந்து வர வேண்டாம் என்பதில் கொண்டுபோய் முடித்தார்.

"நான் கட்டில் பக்கம் வரவே இல்லீங்க. நீங்க எல்லாத்தையும் பரப்பி வச்சிருந்தீங்க. மிதிச்சுடப் போறேன்னு விட்டுட்டேன்" என்றார் அக்கா.

மாப்பிள்ளை காதில் போட்டுக்கொள்ளவில்லை. அக்கா பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போனார். மனைவி சாவியைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். அவருக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

புதுச் சட்டையின் காலருக்குள் இருந்த பிளாஸ்டிக் பட்டையை உருவினார். காகிதத்தில் ஓட்டை போடும் மெஷினால் அதில் ஒரு ஓட்டை போட்டு, சின்னக் கத்தரிக்கோலால் சுற்றிலும் வெட்டினார். நாலாவது துண்டுதான் ஏறக்குறைய வட்டமாக வந்தது. பித்தளை வாஷர் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. ஸ்க்ரூவை இறுக்கி, கால் சுற்று தளர்த்தி, திறந்து மூடிப் பார்த்து, இன்னும் ஒரு மயிரிழை தளர்த்தினார்.

மூன்றே முக்காலுக்கு அலகு சொன்ன பேச்சைக் கேட்டது. ஆட்டமும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் தொட்ட ஒன்று உருப்பட்டிருக்கிறது. மனிதருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

மாமனார் வந்தார். உட்காரும் முன்பே, உள்ளே எதையும் பிரிக்கவில்லையே என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டார். சத்தியமாக இல்லை என்றார் மாப்பிள்ளை.

மாமனார் கத்தியைக் கையில் வாங்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு, முழுப் பலத்தோடு கட்டைவிரலால் அலகைத் தள்ளினார்.

கத்தி விருட்டென்று திறந்து, கையைவிட்டுத் துள்ளி சோபாவில் போய் விழுந்தது.

"இது எப்படி இவ்வளவு லேசா வருது?" மாமனார் திகைத்துப் போனார். "உள்ளே ஒரு வாஷர்தானே இருக்கு?"

இந்த இடத்தில் மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டிருக்கலாம். செய்யவில்லை. "ஒண்ணுதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும் மாமா?"

"அது இருக்கட்டும். உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கணவனைக் கேட்டாள் மனைவி.

இரண்டு ஆண்களும் சோபாவில் கிடந்த கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாமனார் மெதுவாக மூக்குக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, துடைக்கிற துணியை உதறினார். பித்தளை வாஷர் ஒன்று மேஜையில் விழுந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால், வீட்டில் யாருக்கும் தெரியாமல் அவரே பிரித்தாராம். பூட்டும்போது ஒன்று குறைந்ததாம்.

"உங்க கைக்குப் போனா இறுகித்தான் திரும்பி வரும்னு எல்லாரும் நம்புவாங்க. அதான் தந்தேன் மாப்பிள்ளை. இது போன வாரம்தான் துணி மடிப்புல கிடைச்சுது."

மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்து வருடமாக வாங்கிக் கட்டிக்கொண்டதையெல்லாம் ஒரே மூச்சில் திருப்பிக் கொடுக்க வாயைத் திறந்தார்.

மாமனார் குனிந்த தலை நிமிரவில்லை. "அதுகூடப் பரவாயில்லை. எங்க வீட்டுல பெருக்குற அம்மாதான் கூட்டித் தள்ளிட்டாங்கன்னு நினைச்சு, அவங்களை வேலையை விட்டே நிறுத்திட்டேன். இது கிடைச்சதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்லை. இனி எந்த முகத்தை வச்சுக்கிட்டு அவங்க வாசல்ல போய் நிக்கிறது?"

மாப்பிள்ளையின் வாய் திறந்தபடியே இருந்தது.

மனைவி சாப்பாட்டு மேஜையிலிருந்த சாவியை எடுத்து வந்து கணவனின் உள்ளங்கையில் வைத்தாள்.

"பின் தெருவுல மூணாவது வீடு. போயிட்டு வாங்க. எந்த முகத்தோட போகணும்னு அப்பாவுக்கு வந்து சொல்லுங்க."