ஓரம் தாண்டிய சாயம்

டாக்டரின் திரையில் காஜா மொய்தீனின் மூளை சாம்பலாய் ஒளிர்கிறது. பழைய ஸ்கேனில் கட்டிக்கு ஓரம் இருந்தது. இந்தப் புது எம்.ஆர்.ஐ.யில் அது ஈரத்துணியில் விழுந்த சாயமாய் ஓரம் தாண்டி ஊறியிருக்கிறது. “பேச்சு இருக்கிற இடம்வரைக்கும் பரவியிருக்குதுங்க. வெட்டி எடுத்தா பேச்சுப் போயிருமுங்க,” என்கிறார் டாக்டர். பனியன் கம்பெனியில் துணியின் பழுதைக் கண்டுபிடித்தே பழகிய மொய்தீனின் விரல்கள் மேசைவிரிப்பைத் தடவுகின்றன. ஓடும் பஸ்ஸில் எவனோ போட்டிருந்த பனியனில் இழை விட்டிருந்ததைத் தெருவிலிருந்தே கண்டு, பஸ்ஸை நிறுத்திக் கழற்றி வாங்கியவர் அவர். நல்லூரில் இதை நம்பாதவர்கள் அந்த பஸ்ஸில் வராதவர்கள்தான். “இனி உனக்கு நிம்மதி, பேகம்,” என்கிறார். அவர் கதையை ஆரம்பித்தாலே அடுப்படிக்குப் போய்விடுகிற மனைவி பேகம், நாற்காலியை அவரருகே இழுத்துப் போடுகிறாள். “அந்த பஸ்ஸு கதையச் சொல்லுங்க. மொதல்லிருந்து.”