தள்ளாடி வந்தவன்

"டேய், நில்லு! பொழுது சாயறதுக்குள்ள இப்படித் தள்ளாடுறியே, எவ்வளவு ஊத்திக்கிட்டே?"

மலாயாவில் செர்காம் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டம். முள்கம்பி வேலிக் கேட்டில் புதுக் காவலன் நாகமுத்து துப்பாக்கியைக் குறுக்கே நீட்டினான். எதிரே இரண்டு பேர். ஒருவன் கால்கள் பின்ன, கழுத்து ஒரு பக்கம் இழுக்க, வாயோரம் எச்சில் வழிய நின்றான். இன்னொருவன் அவன் தோளில் கை போட்டிருந்தான். எச்சில் மேலே பட்டுவிடுமோ என்று நாகமுத்து எட்டவே நின்றான்.

காட்டுக் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம். ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டினால் விடிந்துதான் திறப்பார்கள். குடித்துவிட்டு வருகிறவனை லாக்கப்பில் போட்டு, பேரைத் தோட்டக் கணக்கிலிருந்து வெட்டிவிட வேண்டும் என்பது வெள்ளைக்காரத் துரையின் புது உத்தரவு. பேர் போனால் வேலை போச்சு, தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போச்சு.

"நா...ன்... கு..." என்று தொடங்கியவனின் கை வெடுக்கென்று மேலே போனது.

"பேச்சும் குழறுது, கையும் ஓங்குறான்! நட லாக்கப்புக்கு!"

"ஐயா, பொறுங்க லா," என்றான் மற்றவன். "நான் பால்மரம் வெட்டுற ஜெயமணி. இவன் என் தம்பி தங்கையா, கன்னு நர்சரியில களை பிடுங்குறான். கள்ளு இவன் நாக்குல பட்டதே இல்லை. பொறக்கும்போதே மூச்சு முட்டிப் போச்சு. கை காலை ஆட்டி வைக்கிற இடம் மூளையில அடிபட்டுடுச்சுன்னு டவுன் டாக்டரு சொன்னாரு. அடக்க அடக்கத்தான் கை தூக்கும். பேயும் இல்லை, சாமிக் குத்தமும் இல்லை, ஒட்டுற நோயும் இல்லை."

"புத்தி?"

"என்னை ஏன் கேக்குறீங்க? அவனையே கேளுங்க. பதில் வர நேரமாகும், அவ்வளவுதான்."

நாகமுத்து காத்திருந்தான். தங்கையா மூச்சை இழுத்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான்.

"துப்...பாக்கிய... இறக்...குங்க. பயந்தா... இன்னும்... ஆடும்."

நாகமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டான். "மன்னிச்சுக்க தங்கையா, எனக்குத் தெரியலை" என்று அவனைப் பார்த்தே சொல்லி, கேட்டைத் திறந்துவிட்டான். "அண்ணே, தம்பியைப் பத்திரமாப் பிடிச்சுக்கிட்டுப் போங்க."

"சரிங்கய்யா."

இருவரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தபடி மெல்ல நடந்தார்கள். லயத்து முனை திரும்பி, கேட் கண்ணுக்கு மறைந்ததும் தங்கையா நின்றான்.

"இனிமே... கள்ளுக்கடையிலேருந்து... உன்னைத் தூக்கிட்டு வர... என்னால... முடியாது" என்றான். அவன் தோளிலிருந்து நழுவி மண்ணில் சரிந்த ஜெயமணி அதற்குள் குறட்டை விட ஆரம்பித்திருந்தான்.