அந்த வரிக்குச் சொந்தக்காரர்

"இந்த ஒரு வரி மட்டும் என்னோடது இல்லைங்க. யாரோடதுன்னும் தெரியலை."

மேஜையில் அவளுடைய ஆய்வேடு விரிந்து கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே மழை, வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. கணவன் சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்தான். லிஃப்ட் பழுது பார்ப்பவன். விடுமுறை நாளில் ஒரு ஸ்டூல் மேல்கூட ஏற மாட்டான்.

"எந்த வரி?"

அவள் படித்தாள். 'புது வீட்டு இருட்டில் கை தேடுவது பழைய வீட்டு ஸ்விட்சைத்தான்.'

வாடகை வீடு மாறுகிறவர்களின் மனநிலை பற்றிப் பல வருட ஆய்வு. நாளை ஒப்படைத்தாக வேண்டும்.

"நல்லாத்தானே இருக்கு. உன்னோடதுன்னே விட்டுடு."

"அதான் பயமா இருக்கு. இவ்வளவு அழகா எனக்கு எழுத வராது. எங்கயோ படிச்சது, இல்லேன்னா கேட்டது, மனசுல ஒட்டிக்கிச்சு. அடுத்தவங்க வரியை யாரோடதுன்னு சொல்லாம போட்டா அது திருட்டு. போன வருஷம் ஒரே ஒரு பாராவுக்காக ஒரு பொண்ணோட ஆய்வேட்டையே திருப்பி அனுப்பிட்டாங்க."

"அப்ப எடுத்துடு."

"எப்படிங்க எடுக்கிறது? மொத்த அத்தியாயமும் அது மேலதான் நிக்குது."

புத்தகங்களையெல்லாம் புரட்டியாயிற்று. இணையத்தைச் சல்லடை போட்டுச் சலித்தாயிற்று. அவள் களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டாள். அரைத் தூக்கம் போல ஒரு மயக்கம். பிரிக்காத அட்டைப் பெட்டிகள், திரை போடாத ஜன்னல், முகத்தில் விழும் இளவெயில், காபி மணம், எங்கிருந்தோ மெல்ல ஓர் ஆண் குரல்.

சட்டென்று கண் திறந்தாள். "அட, நீங்கதாங்க சொன்னீங்க. இந்த வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில."

அவன் எழுந்து உட்கார்ந்தான். "நானா? ஞாபகம் இல்லையே."

"எனக்கு இருக்கு. உங்களோட குடித்தனம் பண்ண முடியாது, அம்மா வீட்டுக்கே போயிடலாம்னு என் பெட்டியைப் பிரிக்காமலே வச்சிருந்தேன். உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கிறதாவே தெரியலை. அப்பதான் காபியை நீட்டிக்கிட்டே இதைச் சொன்னீங்க. என் மனசுல இருக்கிறதை அப்படியே சொல்ற ஆளை விட்டுட்டு எங்க போறதுன்னு தங்கிட்டேன். அதுக்கப்புறமும் எத்தனை காலையில எவ்வளவு அழகா பேசியிருக்கீங்க."

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. இந்த மனிதனை இன்னொரு முறை கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மளமளவென்று அடிக்குறிப்பு எழுதினாள். கணவர் பெயர், நேர்ப்பேச்சு, தேதி. பிறகு ஒரு தாளை அவனிடம் நீட்டினாள்.

"பேச்சுல கேட்டதைப் போட்டா, அதைச் சொன்னவங்க 'இது என் சொந்த வார்த்தை'ன்னு கையெழுத்துப் போட்டுத் தரணும். எங்க துறையில அதுதான் வழக்கம். போடுங்க."

அவன் பேனாவை வாங்கினான். தாளைப் படித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தான்.

"முடியாதும்மா. அது என்னோடது இல்ல."

"எந்தப் புத்தகத்துல சுட்டீங்க?"

"புத்தகம் இல்ல. ஒரு பொம்பளை சொன்னது."

அவள் குரல் இறங்கியது. "அப்ப மத்ததெல்லாம்?"

"எல்லாமே அவ சொன்னதுதான்."

இத்தனை வருடமும் வேறொருத்தியின் வார்த்தைகளை நம்பியா இந்த வீட்டில் இருந்தாள்?

"யாருங்க அவ?"

"நீதான். தூக்கத்துல பேசுவே. சொன்னா வெட்கப்பட்டு நிறுத்திடுவியோன்னு பயந்து சொல்லலை. ராத்திரி நீ சொன்னதைத்தான் இத்தனை வருஷமா காலையில உன்கிட்டயே சொல்லிக்கிட்டிருக்கேன்."