பர்மனென்ட் இருமல்

லொக், லொக்.

மண்குவியலுக்கு அந்தப் பக்கமிருந்து மெலிதாக ஓர் இருமல். அது அடங்குவதற்குள், தகர டின்னை உருட்டிவிட்டதுபோல் இன்னொன்று.

நெய்வேலிச் செடிப்பண்ணையில் நாற்றுப் பைகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்த பெண்கள் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டார்கள். குவியலுக்குப் பின்னாலிருந்து, தண்ணீர்க் குழாயோடு ஆனந்த்ராஜ் எழுந்து நின்றார்.

"ஒரே ஆளுக்கு ரெண்டு தினுசு இருமலா?" என்றாள் பொற்கொடி.

"பர்மனென்ட் ஆளும்மா. அவருக்கு எல்லாமே ரெண்டு கெடைக்கும்," என்றாள் சுப்புலட்சுமி.

ஊரெல்லாம் பன்றிக்காய்ச்சல் பயம். இருமுகிறவர்களை வேலைக்கு வைக்காதே என்று கான்ட்ராக்டர் உத்தரவு. பர்மனென்ட் ஆளான ஆனந்த்ராஜை அது ஒன்றும் செய்யாது. கான்ட்ராக்டில் இருக்கும் பெண் இருமினால், மறுநாள் அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள்.

மேஸ்திரி கருணாகரன் வந்ததும் பொற்கொடி பிடித்துக்கொண்டாள்.

"நீங்களே கேளுங்க மேஸ்திரி. இவரு லீவு போட்டுட்டு குவார்ட்டர்ஸ்ல படுத்தாலும் சம்பளம் வரும். அத்த வுட்டுட்டு எங்க நடுவுல இருமிகினு இருக்காரு. எங்களுக்கு ஒட்டிக்கினா எங்க வூட்ல யாரு ஒல வைக்கிறது?"

"அதானே சார்?" மேஸ்திரி கர்ச்சீப்பை மூக்கில் கட்டிக்கொண்டார்.

"இது ஒட்டாது மேஸ்திரி. டாக்டரே சொல்லிட்டாரு." ஆனந்த்ராஜ் ஒரு நாற்றுப் பையைத் தூக்கிக் காட்டினார். "நுரையீரலுக்குள்ள இதுமாதிரி குட்டிக் குட்டிப் பையா கோடிக்கணக்குல இருக்கு. வைரஸ் பூந்தா வீங்கித் தண்ணி கோத்துக்கும். பையில தண்ணி தேங்குனா வேர் என்னாவும்?"

"அழுகிடும்."

"அதுக்கு முன்னாடி மூச்சு முட்டும். மனுசனுக்கும் அதேதான். அப்புறம் வைரஸ் செத்துடும். உள்ள புண்ணு ஆற நாளாவும். அதுவரைக்கும் இருமல்."

"கிருமி செத்துட்டுது, இருமல் மட்டும் உயிரோட இருக்குதாக்கும்?" என்றாள் பொற்கொடி.

"ரிடையர் ஆன ஆபீசர் மாதிரி. அதிகாரம் போயிடுச்சு, சத்தம் போகல."

மேஸ்திரிக்குச் சட்டென்று விளங்கியது. ஆனாலும், "இதை நான் கான்ட்ராக்டர்கிட்ட சொன்னா என்னையும் சேத்து அனுப்பிடுவாரு. நீங்க மோட்டார் கொட்டகைப் பக்கம் போயிடுங்க சார்," என்றார்.

"இங்க தண்ணி பாய்ச்சணுமே."

"நான் பாய்ச்சிக்கிறேன்." பொற்கொடி குழாயைப் பிடுங்கிக்கொண்டாள்.

அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். மோட்டார் கொட்டகைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

லொக், லொக்.

மண்குவியல் பக்கமிருந்து.

எல்லோரும் திரும்பினார்கள். குவியலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பை நிரப்பிக்கொண்டிருந்த வள்ளியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். போன மாதம் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன் என்று சொன்னவள். திரும்பி வந்தபோது பாதி ஆளாகத்தான் வந்திருந்தாள்.

கொட்டகைக் கதவு படாரென்று திறந்தது. ஆனந்த்ராஜ் இருமிக்கொண்டே ஓடிவந்தார். ஒரு செருப்பு வழியிலேயே நின்றுவிட்டது.

பொற்கொடி கையிலிருந்த குழாய் அவள் காலையே நனைத்துக்கொண்டிருந்தது.

"மக வூட்டுக்கா போயிருந்த, வள்ளியம்மா?" என்றார் மேஸ்திரி.

"கடலூர் பெரியாஸ்பத்திரிங்க. ஒட்டாதுன்னு டாக்டரு சொன்ன பொறவுதான் வந்தேன்."

மேஸ்திரி அவளைப் பார்த்தார். பிறகு, ஒற்றைச் செருப்போடு மூச்சு வாங்கி நின்றவரைப் பார்த்தார்.

"என்ன சார், உங்க இருமல் உங்களுக்கு முந்தி வந்துடுச்சு."

ஆனந்த்ராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

"இனிமே வேலை நேரத்துல இந்த இடத்தை வுட்டு நகராதீங்க. கான்ட்ராக்டர் வந்து நின்னா, என்னால இவ்ளோ சத்தமா இரும முடியாது."

பொற்கொடி, தூசி அடங்க மண்குவியல்மேல் தண்ணீர் தெளித்துவிட்டுக் குழாயை அவரிடம் நீட்டினாள்.

வள்ளியம்மாள் அடுத்த பையைப் பிரித்து மண்ணை அள்ளினாள்.