ஏற்றத்தில் ஒரு கை

கனடாவில், மொன்றியலுக்கு வடக்கே, கார்களுக்கு அனுமதியில்லாத மலைக்காட்டு வழியில் ஜெகதீஸ்வரியும் தொழிற்சாலைத் தோழி அஜந்தாவும் சைக்கிள் ஓட்டினார்கள். பெரிய ஏற்றத்தில் ஒரு கை ஜெகதீஸ்வரியின் முதுகில் பதிந்து தள்ளியது. யாழ்ப்பாணத்தில், பக்கத்தில் சைக்கிளில் வந்தபடியே கணவர் இப்படித்தான் தள்ளுவார். அவர் இறந்து ஒரு வருடமாகி, ஆட்டைத் திவசமும் முடிந்துவிட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. உச்சியில் கை விலகியது.

சற்றுப் பிந்தி அஜந்தா மூச்சிரைக்காமல் வந்து சேர்ந்தாள்.

"ஆரக்கா அந்த அண்ணை? உங்களை விட்டிட்டு வந்து என்னையும் தள்ளிக்கொண்டு வந்தவர். நன்றி சொல்லத் திரும்பினன், ஆளைக் காணேல்லை."

"நன்றி சொன்னால் அவருக்குக் கோவம் வரும். தேத்தண்ணி எண்டால் குடிப்பார்."

ஜெகதீஸ்வரி ஃபிளாஸ்க் மூடியில் தேநீர் ஊற்றிப் பாதையோரக் கல்லில் வைத்தாள். புறப்படும்போது மூடியை எடுத்தாள். அது காலியாக, இன்னும் சூடாக இருந்தது.