தட்டினால் வரிசைக்குப் பின்னால்

நெட்டை மறுபடியும் குறுக்குக் கம்பியைத் தட்டிவிட்டாள்.

போன மாதம் இதே ஆறடியைத் தூக்கத்தில் எழுப்பிவிட்டால்கூடத் தாண்டியிருப்பாள். விளையாட்டு மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கண்ணை எங்க வெச்சிருக்கே?"

"ஸாரி சார்!"

மெத்தையிலிருந்து குதித்து இறங்கினாள். கோலை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டு வரிசையின் கடைசிக்கு ஓடினாள். முகத்தில் வருத்தம் என்பது பேருக்குக்கூட இல்லை.

அடுத்து, தவளை என்று எல்லோரும் கூப்பிடும் பையன். அவனும் தட்டினான். அதற்கு வரிசையில் நின்றவர்கள் "ஓ" என்று ஒரு ஆரவாரம் வேறு!

கோலூன்றித் தாண்டும் குழுவில் மொத்தம் பத்தொன்பது பேர். கோல் இரண்டு, மெத்தை ஒன்று. மைதானம் மாலையில் நாற்பது நிமிஷம்தான் கிடைக்கும். அதற்கு மேல் ஒரு நிமிஷம் ஆனாலும் கால்பந்துக்காரர்கள் பந்தோடு வந்து நின்றுவிடுவார்கள். ஆளுக்கு ஒரு தடவை குதிப்பதே பெரிய பாடு.

போன வாரம் தலைமையாசிரியை மாஸ்டரைக் கூப்பிட்டார்.

"இத்தனை பேரை வெச்சுக்கிட்டு யாரை ஜெயிக்க வைக்கப்போறீங்க மாஸ்டர்? ஆறு பேரை எடுங்க. மத்தவங்களை அனுப்பிடுங்க. வெள்ளிக்கிழமை நானே வந்து பாக்கறேன்."

மாஸ்டருக்கு வாய்தான் பெரிசு, மனசு இளகல். ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்த்து "நீ வேண்டாம், போ" என்று சொல்ல அவரால் ஆகாது. அதனால் விஷயத்தை யாரிடமும் சொல்லாமல், பழியைத் தூக்கிக் கம்பியின் தலையில் போட்டுவிட்டார். தாண்ட வராதவர்கள் தாங்களாகவே சலித்துப்போய் நின்றுவிடுவார்கள் என்று கணக்கு.

"இன்னியிலேருந்து புது ரூல். தாண்டினா அடுத்த சான்ஸும் உனக்கேதான். தட்டினா வரிசைக்குப் பின்னாடி!"

முதல் நாள் நெட்டை மட்டும் பதினாலு தடவை குதித்தாள். அப்புறம் தவளை ஒன்பது தடவை. மணி அடித்துவிட்டது. இருக்கிறதிலேயே சின்னவளான பொடிசு, கோலைத் தொடாமலே பையைத் தூக்கிக்கொண்டு போனாள். மாஸ்டர் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்துதான் இந்தக் கூத்து. ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோரும் தட்டினார்கள். காற்றாக இருக்குமோ என்று பார்த்தார். கம்பியைத் தாங்கும் தூண்களை ஆட்டிப் பார்த்தார். டேப் வைத்து உயரத்தை இரண்டு தடவை அளந்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"எல்லாரும் சேர்ந்து என் மானத்தை வாங்கறீங்களா?" என்று கத்தினார். பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. தலைமையாசிரியை மெத்தைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கையில் பேனாவும் காகிதமும்.

நெட்டை ஓடி வந்தாள். டமால்!

தவளை. டமால்!

மூன்றாவது ஆள். நாலாவது ஆள். கம்பியை எடுத்து வைத்து வைத்து மாஸ்டருக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

"ஆறு பேர் கேட்டேன், ஒருத்தர்கூடத் தேற மாட்டாங்க போலிருக்கே? பேசாம எல்லாத்தையும் ஸ்டோர் ரூம்ல போட்டுட்டு, இந்த நேரத்தையும் கால்பந்துக்கே குடுத்துடலாமா மாஸ்டர்?"

மாஸ்டருக்கு அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். ஆத்திரம்தான் முந்திக்கொண்டது. விசிலைக் கழற்றித் தரையில் எறிந்தார்.

"தட்டறதுல அவ்வளவு ஆசையா உங்களுக்கு? சரி, ரூலை மாத்தறேன்! இனிமே தட்டினவங்கதான் திரும்பத் திரும்பக் குதிக்கணும், முதுகு ஒடியற வரைக்கும்! தாண்டினவங்க வாயை மூடிக்கிட்டுப் பின்னாடி போங்க!"

வரிசையில் குசுகுசுவென்று ஒரு பேச்சு ஓடியது.

நெட்டை கோலோடு ஓடி வந்தாள். ஊன்றினாள். கம்பிக்கு மேலே ஒரு முழம் இடம் விட்டுத் தாண்டி மெத்தையில் விழுந்தாள்.

தவளை தாண்டினான். அவனுக்குப் பின்னால் வந்தவன் தாண்டினான். பதினெட்டுப் பேரும் ஒருத்தர் பின் ஒருத்தராகத் தாண்டினார்கள். கம்பி ஆடக்கூட இல்லை. மாஸ்டர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

கடைசியாகப் பொடிசு. டமால்!

"தட்டிட்டா! அவளுக்கே அடுத்த சான்ஸ்!" என்று பதினெட்டுப் பேரும் கத்தினார்கள்.

மறுபடி டமால். மூன்றாவதும் டமால். "கையை இன்னும் மேல பிடி!" "காலைத் தூக்கு!" என்று ஆளாளுக்கு மாஸ்டர் ஆனார்கள். நாலாவது தடவை அவள் குதிகால் பட்டுக் கம்பி நடுங்கியது. ஆனால் விழவில்லை.

மெத்தையில் பதினெட்டுப் பேரும் அவள்மேல் போய் விழுந்தார்கள்.

தலைமையாசிரியை சிரித்துக்கொண்டே பேனாவை மூடினார். "இதுல யாரை அனுப்பச் சொல்றது? பத்தொன்பது பேரும் இருக்கட்டும் மாஸ்டர். காலையிலயும் அரை மணி நேரம் மைதானத்தை எடுத்துக்குங்க."

மாஸ்டர் கூட்டத்துக்குள் கையை விட்டுப் பொடிசைப் பிடித்து இழுத்தார்.

"கொஞ்ச நேரம் முன்னாடி வரைக்கும் ஒருத்தருக்கும் தாண்ட வரலை. திடீர்னு என்ன, எல்லாருக்கும் றெக்கை முளைச்சிடுச்சா?"

"ஒருத்தங்க தாண்டினா அவங்களேதான் குதிச்சுக்கிட்டு இருக்கணும், எங்களுக்கு சான்ஸே வராதில்ல சார்? அதான் எல்லாரும் பேசி வெச்சுக்கிட்டு வேணும்னே தட்டினாங்க."

பொடிசு மூச்சு வாங்கிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள்:

"நான் ஒருத்திதான் சார் இத்தனை நாளும் நெஜமாவே தட்டினேன்!"